இரண்டு பொங்கல்

வார்டோவில் பள்ளிக்கூடத்துக்கு லீவு விடுவது சூரியன்தான். நோர்வேயின் கிழக்குக் கோடியில், பாரன்ட்ஸ் கடலை ஒட்டிய சின்னத் தீவில் இருக்கிறது அந்த நகரம், இஸ்தான்புல்லைவிடவும் கிழக்கே. நவம்பர் பிற்பகுதியில் மறையும் சூரியன் ஜனவரி 20ஐ ஒட்டித்தான் திரும்பத் தலைகாட்டும். அங்குள்ள கோட்டையின் மதிலில் நின்று பார்க்கும்போது அதன் முழு வட்டமும் தெரிந்தால் பீரங்கி வெடி போடுவார்கள். வெடிச்சத்தம் கேட்டதும் பிள்ளைகள் புத்தகத்தை மூடிவிட்டுக் கிளம்பலாம். அது எந்த நாள் என்று கலண்டரில் இருக்காது. முகில் மூடினால் மறுநாள், அன்றும் மூடினால் அதற்கு மறுநாள்.

1990 இலையுதிர்காலத்தில் அம்மாவும் தம்பியும் நானும் யாழ்ப்பாணத்திலிருந்து அங்கே போய்ச் சேர்ந்தோம். அப்பா எங்களுக்கு முன்பே போய், மீன் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தார். அந்த நாட்களில் பின்மார்க் மாகாணத்தின் கரையோர ஊர்களில் இளையவர்கள் தெற்கு நகரங்களுக்குப் போய்விட, மீனை வெட்டிச் சதை எடுக்க ஆள் தட்டுப்பாடு. அகதியாக வந்த எங்கள் ஆட்கள் பலர் போட்ஸ்ஃபியோர்ட், மேஹாம்ன், ஹொன்னிங்ஸ்வோக் என்று அந்தக் கரை நெடுகப் பரவினார்கள். பெருநிலத்திலிருந்து வார்டோவுக்குப் போக 1982இல் திறந்த கடலடிச் சுரங்கப்பாதை ஒன்று உண்டு. ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் நீளம், நோர்வேயில் கடலுக்கு அடியில் தோண்டிய முதல் பாதை. எங்கள் தலைக்கு மேலே கடல் இருக்கிறது என்று அப்பா சொன்னதும், அம்மா மறு கரை வரும்வரை தேவாரத்தை முணுமுணுத்தபடி வந்தா.

இருட்டுக் காலம் என்றால் நாள் முழுக்கக் கும்மிருட்டு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. காலை ஒன்பதரைக்கு மேல் கடலிலிருந்து ஒரு நீலம் ஏறிவரும். பனி, கூரை, வள்ளங்கள், எதிரே வருபவரின் முகம், எல்லாமே நீலம். தெற்கு வானத்தின் அடியில் மட்டும் மெல்லிய ரோஜா நிறம். பன்னிரண்டரைக்குள் அதுவும் வடிந்துவிடும். உச்சிப்பொழுதே அங்கே பதினொரு மணியளவில்தான். அவ்வளவு கிழக்கே இருந்துகொண்டு ஒஸ்லோவின் நேரத்தை வைத்திருக்கும் ஊர். குளிரும் ஆட்கள் பயப்படுகிற அளவுக்கு இல்லை. அட்லாண்டிக்கிலிருந்து வரும் வெப்ப நீரோட்டத்தால் துறைமுகம் உறைவதில்லை. உண்மையான எதிரி காற்று. மரங்களே அரிதான தீவு, தடுக்க எதுவும் இல்லை. பள்ளி இடைவேளையில் எந்தக் காலநிலை என்றாலும் வெளியே போக வேண்டும் என்பது விதி. காற்று பலத்த நாட்களில் பெரிய வகுப்புப் பிள்ளைகள் எங்களைக் கைகோத்து நடத்திப் போவார்கள்.

வெளிக்கிடுவதே ஒரு வேலை. முதலில் கம்பளி உள்ளுடுப்பு, அதற்கு மேல் காற்சட்டை, ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேல் தலைப்பட்டி வரை இழுத்துப் பூட்டுகிற பனியுடுப்பு. கம்பளிக் காலுறைக்குள் காற்சட்டை நுனியைச் செருகாவிட்டால் சப்பாத்துக்குள் பனி போகும். தம்பிக்குக் கையுறையைக் கயிற்றில் கோத்து, கயிற்றை இரண்டு கைகளுக்குள்ளாலும் விட்டிருந்தா அம்மா. கடைசியாக வெளிச்சம் பட்டால் மின்னுகிற அட்டையை மேலங்கியில் குத்த வேண்டும். அது இல்லாமல் ஒரு பிள்ளையும் தெருவில் இறங்காது. கதவடியில் மீனெண்ணெய்ப் போத்தலும் கரண்டியுமாக அப்பா நிற்பார். அதை விழுங்காமல் கதவு திறக்காது. தம்பி மூக்கைப் பொத்திக்கொண்டு விழுங்குவான். எனக்கு அது பிடித்தே இருந்தது.

எங்கள் காசு துறைமுகத்தில் இருந்தது. மீன்வரத்து நல்ல மாதங்களில், கொட் மீனின் நாக்கை வெட்டி விற்பது அங்கே பிள்ளைகளின் தொழில். பெரியவர்கள் அதை விட்டுக்கொடுத்திருந்தார்கள். பலகையில் நிமிர்த்தி அடித்த இரும்புக் கூர் ஒன்று இருக்கும். பெரிய மீன்தலையை எடுத்து, கீழ்த்தாடை வழியாகக் கூரில் ஏற்ற வேண்டும். நாக்கு மேலே துருத்திக்கொண்டு வரும். கத்தியை ஒரே இழுப்பில் சுற்றி எடுத்தால் தடித்த முக்கோணத் துண்டு கையோடு வரும். தலையைத் தள்ளிவிட்டு அடுத்ததை எடுக்கலாம். வகுப்பிலிருந்த ஒரு பெடியன், எட்டு வயதுதான் இருக்கும், தலையைப் பார்க்காமலே வெட்டுவான். எனக்கு மழைக்கோட்டையும் றப்பர்க் கையுறையையும் கொடுத்து, கத்தியை எந்தப் பக்கம் சரிக்க வேண்டும் என்று காட்டித்தந்தவன் அவன். என்னுடைய நோர்வே மொழியில் பாதி அந்தப் பலகையடியில் வந்தது. நாக்கில்லாத தலைகளைக் காயவைத்து நைஜீரியாவுக்கு அனுப்புவார்கள். அப்பா கேட்டால் ஒரு வாளி நிறையத் தருவார்கள். இந்த வெள்ளைக்காரர் மீனின் திறமான பங்கை விட்டுவிட்டுத் திங்கிறார்கள் என்று அம்மா ஒவ்வொரு முறையும் வியந்தபடி குழம்பு வைப்பா.

அந்த ஆண்டு நல்ல ஆண்டு இல்லை. கொட் மீன் குறைந்துபோய், 1989இலும் 90இலும் பிடிக்கும் அளவை அரசாங்கம் கடுமையாக வெட்டியிருந்தது. அப்பாவுக்கு வாரத்தில் பாதி நாள் வேலை, சில வாரம் அதுவும் இல்லை. அப்படியிருந்தும் நத்தார் எங்கள் வீட்டுக்கு முழுசாக வந்தது. அதற்குக் காரணம் கீழ்வீட்டு வயோதிப மாது. அவரை நாங்கள் பெஸ்தெமூர் என்றே கூப்பிட்டோம். ஊர்ப் பிள்ளைகள் தங்கள் பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். டிசம்பர் பிறக்க முன்பே காகித நட்சத்திர விளக்கு ஒன்றைக் கொண்டுவந்து எங்கள் ஜன்னலில் மாட்டிவிட்டார். தெருவில் எல்லா ஜன்னலிலும் விளக்கு இருந்தது, எங்கள் ஜன்னல் மட்டும் இருட்டாக இருப்பதை அவரால் பொறுக்க முடியவில்லை.

24ஆம் திகதி காலையில் தொலைக்காட்சியில் சிண்ட்ரெல்லா படம். 1973இல் செக்கோஸ்லொவாக்கியாவும் கிழக்கு ஜெர்மனியும் சேர்ந்து எடுத்தது. அரசனுக்கும் சிற்றன்னைக்கும் சிண்ட்ரெல்லாவுக்கும் ஒரே ஓர் ஆணின் குரல்தான் நோர்வே மொழியில் பேசும். நாடு முழுக்க ஒவ்வொரு நத்தாருக்கும் அதைத்தான் பார்க்கும். பிறகு அரிசியைப் பாலில் அவித்த கஞ்சி. அதற்குள் தோல் நீக்கிய ஒரு பாதாம் பருப்பு ஒளிந்திருக்கும். யாருக்கு அகப்படுகிறதோ அவருக்கு மார்சிப்பான் இனிப்பில் செய்த பன்றிக்குட்டி பரிசு. "எங்கடை பாற்சோறுதான். சீனி காணாது," என்றா அம்மா. ஐந்து மணிக்குத் தேவாலய மணி அடித்தபோது பெஸ்தெமூர் எல்லோரையும் எழும்பச் சொன்னார். நத்தார் மரத்தைச் சுற்றிக் கைகோத்துப் பாடி நடந்தோம். அம்மாவின் ஒரு கையை அவர்தான் பிடித்திருந்தார்.

அன்றிரவு அப்பா மொழிபெயர்க்க, பெஸ்தெமூர் தன் கதையைச் சொன்னார். 1944இல் குண்டுவீச்சில் வார்டோவின் பெரும்பகுதி எரிந்தது. அவர்கள் வீடும் போனது. வீட்டுச் சாமானில் மிஞ்சியது ஒரு கோப்பித் தட்டு என்று அலுமாரியிலிருந்து எடுத்துக் காட்டினார். அம்மா அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "எங்கடை வீட்டிலை அதுவும் இல்லை எண்டு சொல்லுங்கோ," என்றா.

ஜனவரி 14 வந்தது. பொங்கல், ஆனால் சூரியன் இல்லை. எந்தத் திசையைப் பார்த்துப் பானை வைப்பது என்பதே கேள்வியாகிவிட்டது. ஊரில் கிழக்கு. இங்கே சூரியன் திரும்பி வரும்போது தெற்கில் வரும் என்றார் அப்பா. முற்றத்தில் அடுப்பு வைக்கக் காற்று விடாது. குசினித் தரையில் மாக்கோலம் போட்டு, மின்னடுப்பில் பானையை ஏற்றி, தெற்கு ஜன்னலைத் திறந்துவைத்தா அம்மா. பால் பொங்கித் தகட்டில் வழிந்து கருகியது. யாழ்ப்பாணத்தில் பானை பொங்கும் நேரம் வெடி கொளுத்துவோம். இங்கே அது இல்லை. இருண்ட ஜன்னலைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, "இல்லாத ஆளுக்குப் படைச்ச மாதிரிக் கிடக்கு," என்று சொல்லிக்கொண்டு இறக்கினா.

ஜனவரி 20ஐ ஒட்டிய நாட்களில் வகுப்பே ஜன்னலில் இருந்தது. இரண்டு நாள் முகில். மூன்றாம் நாள் கணக்குப் பாடத்தில் வெடித்தது.

நான் மேசைக்குக் கீழே இருந்தேன். எப்படிப் போனேன் என்று தெரியாது. யாழ்ப்பாணத்தில் கோட்டை என்றால் ஷெல் வருகிற இடம். அதுவும் வெள்ளைக்காரன் கட்டிய நட்சத்திர வடிவக் கோட்டைதான், இதுவும் 1730களில் கட்டிய நட்சத்திர வடிவக் கோட்டைதான். மற்றப் பிள்ளைகள் கூச்சலிட்டபடி கதிரைகளைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். ஆசிரியை என் பக்கத்தில் முழந்தாளிட்டு, ஒன்றும் சொல்லாமல், தானும் தலையைக் குனிந்து மேசைக்குக் கீழே வந்தார். பிறகு என் பனியுடுப்பை எடுத்துவந்து, கால்களை ஒவ்வொன்றாக விட்டு, பூட்டி, கையைப் பிடித்துக்கொண்டு வெளியே கூட்டிப்போனார். கடல் விளிம்பில், செம்மஞ்சளாக, சூடே இல்லாமல் நின்றது சூரியன். பத்து நிமிடம் நின்றிருக்கும். தொழிற்சாலை முற்றத்தில் வெள்ளை மேலங்கியும் தலைவலையுமாக எல்லோரும் வெளியே வந்து நின்றார்கள். அவர்களுக்குள் அப்பாவும் நின்றார்.

நான் சொல்லி முடிக்கும் முன்பே அம்மா பானையைக் கழுவத் தொடங்கியிருந்தா. "கோட்டையாலை அரசாங்கமே வெடி போட்டிருக்கு. இனிப் பொங்காமல் விடலாமோ?" மிஞ்சிய சர்க்கரை முழுவதும் அன்று போனது. பின்னேரம் பெஸ்தெமூரும், நாக்கு வெட்டும் பெடியனும், வகுப்புப் பிள்ளைகள் சிலரும் வந்து சாப்பிட்டார்கள். துரொம்சோ நகரில் சூரியன் வரும் நாளுக்கு ஜாம் வைத்த வட்டப் பணிஸ் சாப்பிடுவார்களாம். எங்கள் தெருவில் சர்க்கரைப் பொங்கல் என்றானது. அடுத்த ஆண்டு வெடி கேட்டபோது நான் கதிரையைத் தள்ளிக்கொண்டு ஓடினேன்.

பின்னாளில் தொழிற்சாலைகள் மூடத் தொடங்க, எங்கள் ஆட்களில் பலரைப் போல நாங்களும் ஒஸ்லோவுக்கு வந்தோம். இங்கே குளிர்காலத்திலும் தினமும் சூரியன் உதிக்கிறது. 14ஆம் திகதி அம்மா கிழக்கைப் பார்த்து ஒரு முறை பொங்குவா. பிறகு வார்டோவுக்கு ஃபோன் எடுத்து, வெடி போட்டாச்சா என்று கேட்டு, போட்டாச்சு என்றால் மறுபடியும் பொங்குவா. போன ஆண்டு என் மகள் அந்த நாளில் தனக்கும் லீவு வேண்டும் என்று பள்ளியில் எழுதிக் கொடுத்தாள். லீவு கிடைக்கவில்லை. பின்னேரம் வகுப்பில் பாதிப் பேர் பொங்கல் சாப்பிட வந்துவிட்டார்கள், அம்மா மூன்றாவது பானையை அடுப்பில் ஏற்ற வேண்டியதாயிற்று.