குழாயில் வராத ஓசை

ஜனவரி 18, ஞாயிறு. தருமபுரி.

ஃபங்க் என்னும் இசைவகை 1960களின் நடுப்பகுதியில் அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே சோல், ஜாஸ், ரிதம் அண்ட் புளூஸ் ஆகிய மரபுகளின் சேர்க்கையில் உருவானது. ஜேம்ஸ் பிரவுன் 1965இல் வெளியிட்ட ‘பாப்பாஸ் காட் எ பிராண்ட் நியூ பேக்’, 1967இல் வெளியிட்ட ‘கோல்ட் ஸ்வெட்’ ஆகிய பாடல்களில் அது தெளிவான உருவம் பெற்றது. மெட்டை முன்னிறுத்தித் தாளத்தைப் பின்னணியாக வைக்கும் வழக்கத்தை அது தலைகீழாக்கியது. நம் தாள இலக்கணத்தின் சொற்களால் விளக்கினால், நான்கு அட்சரம் கொண்ட ஒரு சுற்றைச் சதுஸ்ர நடையில் பதினாறு கூறுகளாகப் பகுத்துக்கொண்டு, முதல் அடியாகிய சமத்தில் எல்லா வாத்தியங்களும் கனமாக இறங்கிவிட்டு, எஞ்சிய பதினைந்து கூறுகளில் ஒவ்வொரு வாத்தியமும் மற்றது விட்டுவைத்த இடைவெளியில் நுழைந்து ஒலிக்கும் முறை அது. பிரவுனின் குழுவில் கிட்டார் வாசித்த ஜிம்மி நோலன், தந்திகளை முழுவதும் அழுத்தாமல் சுரண்டுவதுபோல் மீட்டி அக்கருவியை ஏறத்தாழ ஒரு தாளக் கருவியாகவே மாற்றினார். ஸ்லை அண்ட் த ஃபேமிலி ஸ்டோன் குழுவின் லாரி கிரகாம் பேஸ் கிட்டாரின் தடித்த தந்திகளைக் கட்டைவிரலால் அடித்தும் மற்ற விரலால் சுண்டியும் வாசிக்கும் முறையைப் பரப்பினார். அதுவரை பாட்டுக்கு அடியில் அடக்கமாக நடந்துகொண்டிருந்த பேஸ் கிட்டார், அதாவது கீழ்ச்சுருதிகளை மட்டுமே ஒலிக்கும் நான்கு தந்திக் கிட்டார், பாட்டை இழுத்துச் செல்லும் கருவியாயிற்று.

அதே 1965இல், அக்டோபர் 2ஆம் நாள், சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி தனி மாவட்டமானது என்பது வெறும் தற்செயல். அந்த இசை இம்மாவட்டத்துக்கு வந்துசேர மேலும் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆயின. வந்தபோதும் தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வரவில்லை.

ஜனவரி 22, வியாழன். தருமபுரி.

வந்த வழி கோடம்பாக்கத்தின் வழி. 1970களின் பிற்பகுதியில் ஃபங்கின் வழித்தோன்றலான டிஸ்கோ உலகெங்கும் பரவியிருந்தது. ‘டாடி கூல்’ (1976) பாடிய போனி எம் குழுவின் ஒலிநாடாக்கள் தமிழ்நாட்டு நகரங்களிலும் விற்பனையாயின. எம். எஸ். விஸ்வநாதன் ‘நினைத்தாலே இனிக்கும்’ (1979) படத்தில் அந்த அலையைத் தமக்கே உரிய துள்ளலுடன் கையாண்டார். ஆயினும் ஃபங்கின் உள்ளமைப்பை, குறிப்பாகப் பேஸ் கிட்டாருக்கு அது அளித்த தலைமையை, தமிழ்ப் பாட்டின் எலும்புக்கூட்டிலேயே பதித்தவர் இளையராஜா எனலாம். ‘பகலில் ஓர் இரவு’ (1979) படத்தின் ‘இளமை எனும் பூங்காற்று’, ‘தங்க மகன்’ (1983) படத்தின் ‘வா வா பக்கம் வா’, ‘அக்னி நட்சத்திரம்’ (1988) படத்தின் ‘ராஜா ராஜாதி’ ஆகியவற்றை அடுத்தடுத்துக் கேட்பவருக்கு இது புலப்படும்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் குறித்துவைப்பது தகும். பிரவுனின் பேஸ் ஒரே சுர அடுக்கின்மேல் நின்று, ஒரே சொற்கட்டைத் திரும்பத் திரும்பச் சொல்லி, கேட்பவரை அந்தச் சுழலுக்குள் அமிழ்த்துவது. இளையராஜாவின் பேஸோ, மேற்கத்தியச் செவ்வியலில் எதிர்ப்பண் எனப்படும் முறையைப் பின்பற்றி, பாடகரின் மெட்டுக்கு எதிரே தானும் ஒரு மெட்டாக நடப்பது. ஆகவே அவற்றை ஃபங்க் என்று முத்திரை குத்துவது மிகையாகும். ஃபங்கின் நடையை அறிந்த ஒருவர் எழுதிய வேறொன்று என்பதே பொருத்தம். தமிழ்த் திரையிசையில் மேற்கின் தாக்கத்தைப் பேசும் கட்டுரைகள் பெரும்பாலும் பாக், மோட்சார்ட் பெயர்களோடு நின்றுவிடுகின்றன. கறுப்பின இசைக்கு உள்ள கடன் அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. அதற்கு இசைக் காரணத்தைவிட மதிப்புக் காரணமே அதிகம் என்று ஐயுற இடமுண்டு.

பிப்ரவரி 3, செவ்வாய். பென்னாகரம்.

தருமபுரி மாவட்டத்தில் 1980களின் தொடக்கத்தில் பள்ளியிலோ கல்லூரியிலோ படித்தவர்கள் இப்பாடல்களை நினைவுகூரும்போது, வாயால் முனகிக் காட்டும் பகுதி எது என்பதைக் கவனிப்பது பயனுள்ளது. பாடல் வரி வருகிறது. வயலின் கூட்டம் வருகிறது. கிட்டாரின் சுரண்டலும் ட்ரம்ஸின் தகரத் தாளமும் ‘சிக்குச் சிக்கு’ என்று வருகின்றன. பேஸ் மட்டும் வருவதில்லை. இதற்கு ரசனைக் குறைவைக் காரணமாகச் சொல்ல முடியாது. காரணம் ஒலிபெருக்கியில் இருக்கிறது.

அக்காலத்தில் கிராமங்களில் பாட்டுக் கேட்பது பெரும்பாலும் இரண்டு வழிகளில் நிகழ்ந்தது. ஒன்று, மத்திய அலையில் இயங்கிய சிறு டிரான்சிஸ்டர் வானொலி. இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக சேவையில் கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீது ஆகியோரின் குரலோடு சேர்த்தே அப்பாடல்கள் பலருக்கும் மனப்பாடமாயின. உள்ளங்கை அகலம்கூட இல்லாத அதன் ஒலிபெருக்கியால் ஆழ்ந்த ஓசை எதையும் எழுப்ப முடியாது. மற்றொன்று, மாரியம்மன் பண்டிகை, காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம் ஆகியவற்றில் ரேடியோ செட் கட்டுபவர்கள் புளிய மரத்திலும் பனை மரத்திலும் ஏற்றிக் கட்டிய குழாய்.

குழாயின் இயல்பு விளக்கத்துக்கு உரியது. அதன் அடியில் ‘யூனிட்’ என்று தொழிலில் வழங்கும் சிறு அதிர்வுத் தகடு இருக்கிறது. அதன் சிற்றதிர்வை விரிந்துசெல்லும் உலோகக் கூம்பு வெளிக்காற்றுடன் இணைத்து, குறைந்த மின்திறனிலேயே ஓசையை இரண்டு மூன்று கிலோமீட்டர் தொலைவுக்கும் கொண்டுசெல்கிறது. ஆனால் ஒரு கூம்பு எவ்வளவு தாழ்ந்த ஓசையை வெளியிடும் என்பதை அதன் வாயின் சுற்றளவு தீர்மானிக்கிறது. சுற்றளவு ஒலியின் அலைநீளத்துக்கு ஏறத்தாழ நிகராக இருக்க வேண்டும். அரை மீட்டர் விட்டமுள்ள குழாயின் வாய்ச் சுற்றளவு ஒன்றரை மீட்டருக்குச் சற்றே மேல். ஆகவே 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே, அதாவது நொடிக்கு 200 அதிர்வுகளுக்குக் குறைந்த ஓசைகளில், அது ஏறக்குறைய ஊமை. பேஸ் கிட்டாரின் நான்கு தந்திகளும் திறந்த நிலையில் எழுப்பும் ஓசைகள் முறையே 41, 55, 73, 98 ஹெர்ட்ஸ். மிகத் தாழ்ந்த தந்தியின் அலைநீளம் எட்டு மீட்டரைத் தாண்டும். அதை முழுமையாக ஒலிக்க வேண்டுமானால் இரண்டரை மீட்டர் விட்டமுள்ள குழாயை மரத்தில் ஏற்ற வேண்டியிருக்கும்.

ஆயினும் பேஸ் அறவே மறைந்துவிடவில்லை. ஒரு சுரத்தின் அடிப்படை அதிர்வு நீங்கினாலும் அதன் மடங்குகளாகிய மேலதிர்வுகள் எஞ்சியிருந்தால், அவற்றின் இடைவெளியிலிருந்து செவியும் மூளையும் அந்த அடிச்சுருதியை ஊகித்து நிரப்பிக்கொள்ளும் என்பது ஒலியியலில் நிறுவப்பட்ட செய்தி. எனவே அரூர் பக்கத்து மலையடி ஊர்களில் இரவெல்லாம் குழாய்ப் பாட்டுக் கேட்டவர்களுக்குப் பேஸின் கோட்டுச்சித்திரம் கிடைத்தது. அதன் எடை கிடைக்கவில்லை. நெஞ்சுக்கூட்டிலும் தரையிலும் உணரப்படுவதற்காகவே அமைந்த ஓர் இசைக்கு எடை போனால் எஞ்சுவது பாதிதான். ஃபங்கின் கிட்டார்ப் பாதி குழாய் வழியே தருமபுரிக்கு முதலில் வந்தது. பேஸ் பாதி பின்னால் பேருந்தில் வந்தது.

பிப்ரவரி 14, சனி. பாலக்கோடு சாலை.

பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய ஒலிநாடா, இந்தியாவில் 1980களில்தான் எளியோர் கைக்கு எட்டியது. வளைகுடா நாடுகளில் வேலை செய்து திரும்பியவர்கள் கொண்டுவந்த ஜப்பானிய ‘டூ இன் ஒன்’ பெட்டிகளும், ஊருக்கு ஊர் தோன்றிய ரெக்கார்டிங் சென்டர்களும் அதற்குத் துணைபுரிந்தன. ரெக்கார்டிங் சென்டர் என்பது, வாடிக்கையாளர் எழுதித் தரும் பாடல் பட்டியலை இசைத்தட்டுகளிலிருந்து வெற்று நாடாவில் பதிந்து கொடுக்கும் கடை. 60 நிமிட நாடாவா 90 நிமிட நாடாவா, டிடிகேயா சோனியா என்னும் ஆராய்ச்சியில் தொடங்கி, ஒரு பக்கத்தின் கடைசியில் எஞ்சும் மூன்று நிமிடத்தில் எந்தப் பாட்டை நுழைக்கலாம் என்பதுவரை நீண்ட அந்தப் பட்டியல் தயாரிப்பில், ஒரு தலைமுறையின் இசையறிவு வளர்ந்தது என்று சொன்னால் தவறாகாது.

தருமபுரியிலிருந்து பென்னாகரம், பாலக்கோடு, அரூர் வழித்தடங்களில் ஓடிய தனியார் பேருந்துகள் இந்த நாடாக்களின் பொது அரங்குகளாயின. மேற்கூரையின் ஓரங்களிலும் பின் இருக்கைக்கு மேலும் மரப்பெட்டியில் அடைத்துப் பொருத்திய ஒலிபெருக்கிகள், குழாயால் முடியாத 80, 100 ஹெர்ட்ஸ் ஓசைகளை எழுப்பவல்லவை. ஆனால் பேருந்தில் வேறொரு போட்டி இருந்தது. ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின் நிமிடத்துக்கு 1,500 சுற்று ஓடும்போது அதில் நொடிக்கு 75 வெடிப்புகள் நிகழ்கின்றன. அந்த உறுமல் பேஸ் கிட்டார் நடமாடும் அதே பகுதியில் விழுந்து அதை மூடிவிடுகிறது. அதனால் ஓட்டுநர்கள் ஆம்பிளிஃபயரில் பேஸ் திருகை முழுவதும் திருப்பிவைத்தார்கள். நிறுத்தத்தில் எஞ்சின் தணியும்போது, அதுவரை அதனோடு மல்லுக்கட்டிய பேஸ் திடீரென்று வண்டி முழுவதையும் ஆட்கொள்ளும். ஜன்னல் கண்ணாடி அதிரும். கம்பியைப் பிடித்து நிற்பவரின் கைவழியே பாட்டு ஏறும். இன்று ஐம்பது வயதைத் தாண்டிய, படிக்கட்டில் தொங்கிக் கல்லூரிக்குப் போன ஆண்கள் பேஸைத் ‘தும் தும்’ என்று வாயாலேயே வாசித்துக் காட்டுவதற்கும், அவர்களுக்குப் பத்து ஆண்டு மூத்தவர்கள் அதே பாட்டை வயலினில் தொடங்குவதற்கும் இடையே இருப்பது இந்த வண்டிதான். பேருந்தின் பின்பகுதி ஆண்களுக்குரியதாக இருந்ததால், முன்பகுதியில் எஞ்சினுக்கு அருகே அமர்ந்த பெண்களுக்கு இந்த வாய்ப்புக் குறைவாகவே கிட்டியிருக்கும் என்பதும் எண்ணத்தக்கது.

மைக்கேல் ஜாக்சனின் ‘திரில்லர்’ (1982) நாடா இதே காலத்தில் வந்தது. அதன் ‘பில்லி ஜீன்’ பாடலுக்குப் பேஸ் வாசித்த லூயிஸ் ஜான்சன் ஃபங்க் மரபில் ஊறியவர். ஆங்கிலம் புரியாமலே அப்பாடல் இங்கே பிடித்துப்போனதை நடனக் கவர்ச்சியால் மட்டும் விளக்க முடியாது. பேருந்தில் பழகிய செவிக்கு அது அந்நியமாக இருக்கவில்லை.

பிப்ரவரி 27, வெள்ளி. காரிமங்கலம்.

பம்பை மேளத்துக்கும் ஃபங்குக்கும் உறவு தேடுவது கவர்ச்சியான வேலை. ஆனால் நிதானம் தேவை. ஒன்றோடொன்று கட்டப்பட்ட இரு முழவுகளான பம்பை, உடுக்கை, சிலம்பு ஆகியவை ஒரே சுற்றைத் திரும்பத் திரும்பச் சொல்லி, மெல்ல இறுக்கி, சாமி வந்து ஆடும் நிலைக்குக் கூட்டத்தை இட்டுச்செல்வது சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் வேரூன்றிய வழக்கம். சுழற்சியால் உடலைக் கட்டுவது இரண்டுக்கும் பொதுவானது. வரலாற்றுத் தொடர்பு எதுவும் இல்லை. இதற்குமேல் இழுப்பது வீண்.

மார்ச் 8, ஞாயிறு. தருமபுரி.

நாடா உறைகளில் இசையமைப்பாளர், பாடகர், கவிஞர் பெயர்கள் அச்சாகின. வாசித்தவர்கள் பெயர்கள் பொதுவாக அச்சாகவில்லை. இளையராஜாவின் குழுவில் நெடுங்காலம் பேஸ் கிட்டார் வாசித்த சசிதரன், கிட்டார் வாசித்த சதானந்தம், கீபோர்டு வாசித்த விஜி மானுவல், ட்ரம்ஸ் வாசித்த புருஷோத்தமன் ஆகியோரின் பெயர்களை அப்பாடல்களோடு வளர்ந்த பெரும்பாலோர் அறிந்தது மிகப் பிற்காலத்தில்தான். ஃபங்கின் தாயகத்திலும் நிலைமை மேலானதல்ல. 1969இல் பதிவான ‘ஃபங்கி ட்ரம்மர்’ பாடலில் கிளைட் ஸ்டபிள்ஃபீல்டு வாசித்த சில நொடித் தாளத்துண்டு, பிறர் பதிவை வெட்டியெடுத்துப் புதிய பாட்டில் ஒட்டும் முறை பரவியபின் நூற்றுக்கணக்கான ஹிப் ஹாப் பாடல்களுக்கு அடித்தளமாயிற்று. அதற்காக அவருக்கு உரிமைத்தொகை கிடைக்கவில்லை. அவர் 2017இல் மறைந்தார்.

அதே வெட்டி ஒட்டும் முறையால் தமிழ்ப் பாட்டும் வெளியே சென்றது. ‘ஸ்ரீ ராகவேந்திரர்’ (1985) படத்தின் ‘உனக்கும் எனக்கும்’ பாடலின் பகுதி, அமெரிக்கக் குழுவான பிளாக் ஐட் பீஸ் 2003இல் வெளியிட்ட ‘எலிஃபங்க்’ தொகுப்பின் தலைப்பிசையில் இடம்பெற்றது. ஈழத் தமிழ்ப் பின்னணி கொண்ட மாயாவின் ‘காலா’ (2007) தொகுப்பில் ‘தளபதி’ (1991) படத்தின் ‘காட்டுக்குயிலு’ ஒலிக்கிறது. மலேசியாவின் யோகி பி குழு 2006இல் இளையராஜாவின் ‘மடை திறந்து’ பாடலை ராப்பாக மாற்றி அமைத்தது. கறுப்பின இசைக்குப் பட்ட கடன் இப்படித் திரும்பியது என்று பெருமைப்படுவோர் உண்டு. கடன்பட்டவர்கள் அறிந்தே திருப்பியதல்ல என்பதால் அந்தப் பெருமையை அளவோடு வைத்துக்கொள்வது நல்லது.

மார்ச் 20, வெள்ளி. நல்லம்பள்ளி.

பண்டிகைப் பந்தல்களில் இப்போது குழாய்கள் அரிது. ஆளுயரத்துக்கு அடுக்கிய பாக்ஸ் ஒலிபெருக்கிகள் நிற்கின்றன. பழைய பாடல்களும் அவற்றில் ஒலிக்கின்றன. பெரும்பாலும் மூலப் பதிவாக இல்லாமல், 60 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தை மிகையாக உயர்த்திய மறுகலவையாக ஒலிக்கின்றன. சசிதரனின் பேஸ் தாழ்ந்த சுரத்தில் தங்கி நிற்பதல்ல. மேல்தந்திகளுக்கு ஏறி, பாடகரின் வரிக்கு விடைசொல்லி, மீண்டும் கீழே இறங்குவது. கீழ்ப்பகுதி மட்டும் பெருகிய கலவையில் அந்த ஏற்றங்கள் அமுங்கி, இறங்குமிடங்கள் மட்டும் இடிபோல் விழுகின்றன. கிட்டாரின் சுரண்டலும் கேட்பதில்லை. பண்டிகைக்கு வரும் இளைஞர்கள் இப்பாடல்களை அந்த இடியாகவே அறிகிறார்கள். அவர்களுடைய தாத்தாமார் குழாயில் கேட்டதையும் இவர்கள் பாக்ஸில் கேட்பதையும் சேர்த்தால்தான் 1979இல் பதிவான ஒரு பாட்டு முழுதாகும். நல்ல ஹெட்போனில் மூலப் பதிவைக் கேட்பவர்களுக்கு அது ஒரே அமர்வில் கிடைக்கிறது, ஆனால் அவர்கள் தனியே கேட்கிறார்கள், ஆடுவதில்லை.