பார்த்தும் கேட்காத கேள்வி

பம்பாயில் பதினோரு வருடம் விளம்பரப் படங்களுக்கு மாடல் பிடித்துக் கொடுத்தேன். விசிட்டிங் கார்டில் ‘மாடல் கோ-ஆர்டினேட்டர்’ என்று இருக்கும். மாட்டுங்காவில் சொந்தக்காரர்கள் கேட்டால், ‘விளம்பரக் கம்பெனியில் வேலை’ என்று சொல்லி என் மனைவி பேச்சை மாற்றிவிடுவாள். நடுவில் நிற்பவனுக்கு எந்த ஊரிலும் கௌரவமான பெயர் கிடையாது. தரகு என்றால் தரகுதான்.

அதனாலோ என்னவோ, 2020-ல் அமெரிக்காவில் ஜிம் சவுத் இறந்த செய்தியை இரண்டு முறை படித்தேன். நம்மூர்க்காரர்கள் ‘நீலப்படம்’ என்று சொல்லும் தொழிலில் மிகப் பழைய ஏஜென்டுகளில் ஒருவர் அவர். டெக்சாஸிலிருந்து கலிபோர்னியா வந்து, 1976-ல் ‘வேர்ல்ட் மாடலிங்’ என்ற ஏஜென்சியைத் தொடங்கினார். லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் வடக்கே உள்ள சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கில் ஆபீஸ். மாடல் தேவை என்று பத்திரிகையில் விளம்பரம் கொடுப்பார். வருகிறவர்களிடம் படிவம் வாங்கிக்கொண்டு, ஒரு பொலராய்ட் படம் எடுத்து வைத்துக்கொள்வார். தயாரிப்பாளர்கள் அங்கே வந்துதான் ஆள் தேர்ந்தெடுப்பார்கள்.

சரக்கை மறந்துவிட்டுப் பார்த்தால் அது என் தொழில்தான். ஆள் வேண்டும் என்பவரையும் வேலை வேண்டும் என்பவரையும் ஒரே அறையில் உட்கார வைப்பது, இருவரும் எழுந்து போனதும் கமிஷனை எண்ணுவது.

ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. நான் போலீசுக்குப் பயந்து வேலை செய்ததில்லை. அங்கே 1980-களில் நடிகர்களுக்குப் பணம் கொடுத்து இப்படிப் படம் எடுப்பதையே விபசாரத்துக்கு ஆள் பிடிப்பதாகச் சொல்லி வழக்குப் போட்டார்கள். ஹரோல்டு ஃப்ரீமன் என்ற தயாரிப்பாளர் அப்படித் தண்டிக்கப்பட்டார். கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1988-ல் அவரை விடுவித்தது. நடிப்புக்குக் கொடுக்கும் சம்பளம் வேறு, விபசாரத்துக்குக் கொடுக்கும் பணம் வேறு என்றது. அதன் பிறகுதான் அந்த மாநிலத்தில் இந்தத் தொழில் சட்டத்தின் காலில் நின்றது.

ஆனால் சவுத்தை உலுக்கியது வேறு வழக்கு. 1984-ல் ஒரு பெண் அவருடைய ஏஜென்சிக்கு வந்தாள். கையில் இருந்த அடையாளச் சான்று அவள் வயது வந்தவள் என்றது. உண்மையில் அவள் சிறுமி. வேறொருவரின் பெயரில் சான்றிதழ் பெற்றிருந்தாள். இரண்டு வருடம் அந்தத் தொழிலில் இருந்தாள். 1986-ல் உண்மை வெளிவந்ததும் கடைகள் அவள் இருந்த கேசட்டுகளை அலமாரியிலிருந்து அள்ளி எடுத்தன. சவுத் மீதும் இரண்டு தயாரிப்பாளர்கள் மீதும் மத்திய அரசு வழக்குத் தொடர்ந்தது.

தாங்கள் ஏமாற்றப்பட்டதாக அவர்கள் வாதிட்டார்கள். வயதைத் தெரிந்துகொள்ள நியாயமாக முயன்றும் தெரிந்துகொள்ள முடியவில்லை என்பதைத் தெளிவான சாட்சியத்தோடு நிரூபிக்க வாய்ப்புத் தர வேண்டும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 1988-ல் சொன்னது. கடைசியில் சவுத் மீதான வழக்கு கைவிடப்பட்டது. அவர் மறுபடியும் தன் மேஜைக்குத் திரும்பினார். அதே 1988-ல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. நடிப்பவரின் அடையாளச் சான்றைப் பார்த்து, ஆவணங்களைப் பத்திரப்படுத்தி, அவை எங்கே இருக்கின்றன என்பதைப் படத்திலேயே அறிவிக்க வேண்டும் என்றது.

நல்ல சட்டம்தான். ஆனால் அந்தப் பெண்ணிடமும் காகிதம் இருந்ததே! அதைப் படித்தபோதுதான் 1992-ல் என் ஆபீசில் நடந்தது நினைவுக்கு வந்தது.

டோம்பிவிலியிலிருந்து ஒரு பெண் ஆல்பத்தோடு வந்தாள். படிவத்தில் வயது 19 என்று எழுதினாள். சான்றிதழை நாளை கொண்டுவருவதாகச் சொன்னாள். எழுதுவதற்குப் பேனா எடுக்கப் பையைத் திறந்தபோது உள்ளே ஜியோமெட்ரி பாக்ஸ் இருந்தது. மூடியின் உட்பக்கம் பள்ளிக்கூட டைம்-டேபிள் ஒட்டியிருந்தது. ஒரு மது கம்பெனியின் காலண்டருக்கு அடுத்த நாளே முகம் வேண்டியிருந்தது. ‘தங்கையின் பெட்டியாக இருக்கும்’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவளிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் சொல்லியிருப்பாள், நான் கமிஷனை இழந்திருப்பேன்.

காலண்டர் வெளிவந்து ஒரு மாதம் கழித்து அவளுடைய அப்பா வந்தார். ரயில்வே ஒர்க்‌ஷாப் ஊழியர். சத்தம் போடவில்லை. பிறப்புச் சான்றிதழை மேஜைமேல் வைத்தார். அவளுக்கு 16 முடியவில்லை. பள்ளியில் அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். “சாஹேப், அந்தக் காலண்டரையெல்லாம் திரும்ப வாங்கிவிட முடியுமா?” என்றார். அவை அதற்குள் பம்பாயிலிருந்து நாக்பூர் வரை மதுக்கடைச் சுவர்களில் தொங்கிக்கொண்டிருந்தன. பணம் கொடுக்கப் போனேன். வாங்கவில்லை. சான்றிதழை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

எந்தப் போலீசும் என்னைத் தேடி வரவில்லை. வந்திருந்தாலும் அவள் எழுதிய படிவத்தைக் காட்டித் தப்பியிருப்பேன்.

ஏஜென்டின் மூலதனம் கண்தான். எந்தக் கன்னத்தில் வெளிச்சம் நிற்கும், யார் ஷூட்டிங்குக்குத் தாமதமாக வருவார், யாருக்கு வீட்டில் தெரியாது என்பதெல்லாம் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். அதற்குத்தான் எங்களுக்குக் கூலி. இத்தனையும் பார்க்கிற கண் வயதை மட்டும் பார்க்கவில்லை என்றால் யார் நம்புவார்கள்? சவுத்தின் கண் என்ன பார்த்தது என்று சொல்ல நான் யார்? சட்டம் அவரை விட்டுவிட்டது. என் கண் பார்த்தது எனக்குத் தெரியும்.

இன்று தொழில் மாறிவிட்டது. ஏஜென்ட் இல்லாமலே செல்போனில் படம் எடுத்து, இணையதளத்தில் தாங்களே போட்டுப் பணம் பார்க்கிறார்கள். அங்கேயும் அடையாள அட்டை கேட்கிறார்கள். அட்டையைப் பார்க்க இயந்திரமே போதும். ஆனால் ஜியோமெட்ரி பாக்ஸைப் பார்க்க எதிரில் ஓர் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும்.

நான் உட்கார்ந்திருந்தேன்.