குதிரைமலையும் வரையரமகளிரும்

புத்தளம் மாவட்டத்தின் வடகரையில், வில்பத்துக் காட்டின் ஓரமாகக் கடலைப் பார்த்து நிற்கும் குதிரைமலை, பெயரில் மலையாயினும் பார்வைக்குச் செம்மண் மேடே. ஆனாலும் மலைக்குரிய பெண்களின் கதைகளுக்கு அதனருகே பஞ்சமில்லை. கிரேக்கர் மலைகளில் உறைவதாக நம்பிய ஒரியாட் என்னும் அணங்குகளுக்குத் தமிழில் மிக நெருங்கியவர்கள் வரையரமகளிர், அதாவது மலைச்சாரலில் வாழும் தெய்வப்பெண்டிர். அவர்களுடைய இருப்பிடத்தைக் கண்டால் உயிர் நடுங்க நேரும் என்று மலைவழி செல்லும் கூத்தரை மலைபடுகடாம் எச்சரிக்கிறது. கிரேக்க அணங்குகளோ சில வேளைகளில் இரக்கமுள்ளவர்கள்: இலியத்தின் 6ஆம் பகுதியில், அக்கிலீசின் கையால் மடிந்த தன் தந்தையின் கல்லறையைச் சுற்றி மலையணங்குகள் மரம் நட்டதை அந்திரோமாக்கி நினைவுகூர்கிறாள்.

இலங்கையின் முதல் அரசனாகச் சொல்லப்படும் விஜயன் கரையிறங்கிய தம்பபண்ணியைக் குதிரைமலையை ஒட்டித் தேடுவோர் பலர்; அங்கே அவனை எதிர்கொண்ட குவேனிக்கு மகாவம்சம் என்னும் பாளி வரலாற்று நூல் மரத்தடியையும் குளத்தையும் கொடுத்ததேயன்றி மலையைக் கொடுக்கவில்லை. துறவிப் பெண்ணைப்போல் நூல் நூற்றுக்கொண்டிருந்த அந்த யக்கினி, குளத்தில் நீராட வந்த விஜயனின் ஆட்களை ஒவ்வொருவராகப் பிடித்தும், அவர்கள் கையில் கட்டியிருந்த காப்புநூலால் தின்ன முடியாமல் பள்ளத்தில் தள்ளிவைத்தாள். விஜயன் வாளை ஓங்கியதும் அவள் பணிந்து, தான் முன்பு விழுங்கிய வணிகரின் கப்பல்களில் இருந்த அரிசியை எடுத்துக்கொடுக்க, வந்தவர்கள் அதைச் சமைத்து உண்டார்கள். அரிசி வந்த வழியை யாரும் பொருட்படுத்தியதாக நூல் சொல்லவில்லை. பின்னர் அவள் பதினாறு வயது மங்கையாகி, விதானமும் திரைச்சீலையும் உள்ள படுக்கை அமைத்து, அன்றிரவே தன் இனத்தவரின் நகரில் திருமணக் கொண்டாட்டம் நடப்பதையும் காட்டிக்கொடுத்தாள். மதுரையிலிருந்து பாண்டிய இளவரசி வரவிருந்தபோதுதான், அவளை விலக்குவதற்கு, மனிதர் அமானுடருக்கு அஞ்சுவர் என்ற காரணம் விஜயனுக்குத் தோன்றியது. படுக்கையின் விதானத்தைக்கூட விடாமல் குறித்த நூலாசிரியர், அவள் இனத்தான் ஒருவனின் ஒற்றை அடியில் நேர்ந்த அவளது சாவை மட்டும் கடுகி முடித்துவிட்டார்.

மலை அதன் பிறகே கதைக்குள் வருகிறது. விஜயனுக்குக் குவேனி பெற்று, இப்போது தாயை இழந்த சிறுவர் இருவரும் சுமணகூடம் எனப்பட்ட சிவனொளிபாத மலைப்பக்கம் ஓடி, புளிந்தர் என்னும் மலைவாழ் மக்களுக்கு மூதாதையர் ஆனார்கள். ஈனியாசைப் பெற்ற அப்ரோதித்தி அவனை வளர்க்கும் பொறுப்பை ஈடா மலையின் அணங்குகளிடம் ஒப்படைப்பதாகக் கிரேக்கத் துதிப்பாடல் ஒன்று கூறுகிறது; உரோமர் குலமுதல்வனுக்குக் கிடைத்த அந்த ஏற்பாடு குவேனியின் மக்களுக்கு வாய்க்கவில்லை.

குதிரைமலையில் அரண்மனை கட்டி ஆண்டவள் அல்லி அரசாணி என்பது கரையோர வழக்கு. பாம்பு வடிவில் புகுந்தே அருச்சுனன் அவளை அடைய முடிந்தது என்கிறது அவள் பெயரிலுள்ள ‘மாலை’ என்னும் கதைப்பாடல். அந்த வழக்கு வடக்கே மன்னார் மாவட்டத்து அரிப்பையும் தொட்டு, முத்துக்குளிப்பை மேற்பார்வையிட ஆளுநர் பிரெடெரிக் நோர்த் கிரேக்கரின் தொரிக் பாணியில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய மாளிகையை அல்லிராணிக் கோட்டை ஆக்கிவிட்டது. ஆண்வாடையே ஆகாதவள் எனப் பேர்பெற்ற அரசியை ஆங்கில ஆளுநரின் வீட்டில் குடியேற்ற மக்கள் சிறிதும் கூசவில்லை.