முடியுமா? தெரிகிறதா?

ஆங்கிலம் பயிலும் மாணவன் ஒருவன், ‘எனக்கு மணியோசை கேட்கிறது’ என்னும் தொடரை மொழிபெயர்த்தான். ஓசை அப்பொழுதே கேட்பதால் தொடர்வினையே பொருந்துமெனக் கருதி, ‘ஐ ஆம் ஹியரிங்’ என்று எழுதினான். ஆசிரியர் அதனை அடித்து, ‘ஐ கேன் ஹியர்’ என்று திருத்தினார்.

மாணவன் மனம் அமைதியுறவில்லை. “ஐயா, ‘கேன்’ என்றால் ‘முடியும்’ என்பதன்றோ பொருள்? என் செவியின் ஆற்றலை நான் கூறவில்லையே! ஓசை கேட்கிறது என்றுதானே கூறினேன்?” என்று வினவினான்.

“நன்று கேட்டாய், தம்பி!” என்று மகிழ்ந்த ஆசிரியர், ஒரு வரலாற்று நிகழ்ச்சியை எடுத்துரைத்தார்.

1922-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 26-ஆம் நாள். எகிப்து நாட்டின் அரசர் பள்ளத்தாக்கில், துட்டன்காமன் என்னும் மன்னனின் கல்லறையுள் ஹவர்டு கார்ட்டர் நின்றார். முத்திரையிட்ட கதவில் சிறு துளை செய்து, மெழுகுவத்தியை நீட்டி உள்ளே நோக்கினார். முதலில் யாவும் இருளாகவே இருந்தது. சிறிது நேரத்தில் எங்கும் பொன் மின்னியது. வியப்பால் அவர் பேச்சற்று நின்றார். அகழ்வின் செலவை ஏற்றிருந்த கார்னர்வன் பிரபு, அருகில் நின்று ஆவல் தாங்காதவராய், ஏதேனும் தெரிகிறதா என்று வினவினார். அவ்வினாவில் அவர் ஆண்ட துணைவினை ‘கேன்’ என்பதே.

“கார்ட்டருக்குப் பார்வை உண்டா என்று அவர் ஐயுற்றாரா? இல்லை. அக்கணத்தில் கண்ணில் பட்டது யாது என்றே அறிய விழைந்தார். நீந்துதல், எழுதுதல் போன்ற வினைகளோடு வரும் ‘கேன்’ ஆற்றலைக் குறிக்கும். காணல், கேட்டல் முதலிய புலன்வினைகளோடு வரும்பொழுதோ, புலனுக்கு அப்பொழுது எட்டுவதையே பெரும்பாலும் குறிக்கும். இறந்தகாலத்தில் அதுவே ‘குட்’ ஆகும். நாம் முயன்று செய்வனவற்றிற்கு ‘லுக்’, ‘லிஸன்’ என்னும் வேறு வினைகள் உண்டு. அவை தொடர்வினையாகவும் வரும். தமிழும் இவ்வேறுபாட்டை அறியும். ‘நான் நோக்குகிறேன்’ என்னுமிடத்து ‘நான்’ எழுவாய். ‘எனக்குத் தெரிகிறது’ என்னுமிடத்து ‘எனக்கு’ நான்காம் வேற்றுமை. நோக்குவது நம் செயல், தெரிவது நமக்கு வந்து எய்துவது” என்றார் ஆசிரியர்.

மாணவன் தன் ஏட்டை மீண்டும் பார்த்தான். திருத்தம் இப்பொழுது அவனுக்குத் தண்டனையாகத் தோன்றவில்லை.

அகராதி சொல்லுக்குப் பொருள் கூறும். அச்சொல்லை ஆண்டவர் நின்ற நிலையே அதன் உட்பொருளை விளக்கும்.