மீதி 16 பிட்

என்னுடைய பழைய கம்ப்யூட்டர் 32 பிட் வகை. 4 ஜிபி நினைவகம் போட்டும் 3.2 ஜிபிதான் காட்டியது. காரணம் எளிது. 32 பிட்டில் எழுதக்கூடிய முகவரிகள் சுமார் 429 கோடி. பைட்டுக்கு ஒரு முகவரி வீதம் 4 ஜிபியோடு தீர்ந்தது. அதிலும் ஒரு பங்கைத் திரை முதலான சாதனங்கள் பிடித்துக்கொள்ளும். (பிரெஞ்சில் பைட்டுக்கு 'ஒக்தே' என்று பெயர். எட்டு பிட் என்பது பெயரிலேயே இருக்கிறது. அதில் படித்த எனக்கு அதுதான் வசதி.)

புதியது வந்ததும் பேரன், "தாத்தா, இது 64 பிட். இனிமே எல்லையே கிடையாது" என்றான்.

சதுரங்கக் கட்டங்களில் நெல்லை இரட்டித்துக்கொண்டே போன கதை உங்களுக்குத் தெரியும். அந்தக் கூட்டுத்தொகையோடு ஒன்று சேர்த்தால் 64 பிட்டின் முகவரிகள்: சுமார் 1,84,467 கோடி கோடி. ராஜாவிடம் அவ்வளவு நெல் இல்லை. யாரிடமும் அவ்வளவு நினைவகமும் இல்லை. விநாடிக்கு 10 ஜிகாபைட் வீதம் நிரப்பினால் 58 வருஷம் ஆகும். அந்தக் காலத்தில் நாங்கள் ரிடையர் ஆகும் வயது!

அதனால் பெரும்பாலான செயலிகள் 48 பிட்டோடு நிறுத்திக்கொள்கின்றன. அதுவே 256 டெராபைட். இதற்கே ஒரு முகவரியைத் தேட நாலு பட்டியல்களை ஒன்றன்பின் ஒன்றாகப் புரட்ட வேண்டும்; ஒவ்வொன்றிலும் 512 வரிகள். 64 பிட்டுக்கும் என்றால் ஆறு பட்டியல். இல்லாத சரக்குக்கு எதற்கு அத்தனை பேரேடு?

மீதி 16 பிட்டில் நம் இஷ்டத்துக்கு எதையும் எழுத முடியாது. 48ஆவது பிட்டில் இருப்பதையே அவற்றிலும் நகலெடுக்க வேண்டும். தவறினால் செயலி முகவரியை ஏற்காது. 2003இல் 64 பிட் செயலியைக் கொண்டுவந்த ஏஎம்டி வைத்த விதி இது. 1984இல் வந்த மாகின்டோஷில் முகவரிக்கு 24 பிட்தான் பயன்பட்டது. சும்மா கிடந்த 8 பிட்டில் நிரல் எழுதியவர்கள் தங்கள் குறிப்புகளை வைத்தார்கள். பிறகு 32 பிட்டும் தேவைப்பட்டபோது பழைய நிரல்கள் பல படுத்துவிட்டன. இப்போது சில சர்வர்களில் ஐந்தாவது பட்டியல் வந்து 57 பிட் ஆகியிருக்கிறது. காலியாக விட்ட இடம் உதவிற்று.

நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் ஓய்வூதியப் பதிவேட்டின் கடைசிப் பத்தி, பின்னால் உதவும் என்று காலியாக விடப்பட்டிருந்தது. எனக்கு முன்னால் இருந்தவர்கள் அதில் போன் நம்பர், டீக்கடைக் கணக்கு எல்லாம் எழுதி வைத்திருந்தார்கள். குடும்ப ஓய்வூதிய ஆணை எண்ணை அங்கே ஏற்ற வேண்டி வந்தபோது எது ஆணை எண், எது டீக்கணக்கு என்றே புரியவில்லை. கணவரை இழந்த ஓர் அம்மாள் ஐந்து மாதம் நடையாய் நடந்தார். நானும் இன்னொருவரும் மாலை வேளைகளில் உட்கார்ந்து புதுப் பதிவேடு எழுதி முடித்த பிறகுதான் அவருக்கு முதல் பணம் போயிற்று.