தண்ணீரே போதும்

சில மாதங்களாக வெள்ளைப்படுதலும் அரிப்பும் என்னை வருத்தின. தொழுகைக்குரிய தூய்மை குறைகிறதோ என்றஞ்சி, ஒவ்வொரு வக்துக்கும் வாசனைச் சோப்பாலும் கிருமிநாசினி கலந்த நீராலும் கழுவினேன், எரிச்சலே மிகுந்தது. மாணவியருக்குத் தஹாரத் பாடம் நடத்தும் நானோ நாணத்தால் எவரிடமும் கூறவில்லை.

மார்க்கத்தை அறிந்துகொள்ள அன்சாரிப் பெண்களுக்கு நாணம் தடையாகவில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) பாராட்டியது நினைவுக்கு வந்தது. பெண் மருத்துவரிடம் சென்றேன். பரிசோதனையில் தொற்று இல்லை. சோப்பு, கிருமிநாசினி, நறுமண நாப்கின் ஆகியவற்றின் ஒவ்வாமையாக இருக்கலாம் என்றார். அவற்றை விட்டேன். சில வாரங்களில் குணம் கிடைத்தது, அல்ஹம்துலில்லாஹ்.

வெளிப்புறத்தைக் கழுவத் தண்ணீரே போதும். உள்ளே கழுவ வேண்டாம். கசிவு ஓயாதவர் ஒவ்வொரு வக்துக்கும் உளூச் செய்து தொழ மார்க்கம் இடமளிக்கிறது. காரணத்தை நீங்களே ஊகிக்காமல், முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள்.