வாழ்வதற்கும் ஒரு சங்கம்

கலஹாவை அடுத்த தேயிலைத் தோட்டமொன்றில், 2024ஆம் ஆண்டின் இறுதியில், ஓர் இழவு வீட்டுக்குச் சென்றிருந்தேன். இறந்தவர் நாற்பது வருடங்கள் கவ்வாத்துக் கத்தி பிடித்த முதியவர். என்னிடம் பயின்ற மாணவி ஒருத்தியின் பாட்டனார். காலை ஒன்பது மணிக்கு உயிர் பிரிந்தது. பதினொரு மணிக்குள் லயத்தின் முன்னால் கூடாரம் எழுந்துவிட்டது. கதிரைகள் வந்து இறங்கின. பெட்டி வாங்க ஆள் கண்டிக்குப் புறப்பட்டுவிட்டது. தோட்டத்து மரண சகாய சங்கத்தின் பொருளாளர் ஒரு நீண்ட கொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு லயம் லயமாக நடந்தார். குடும்பத்துக்கு 200 ரூபா வீதம் 210 குடும்பங்கள், 42,000 ரூபா. எவரும் முகம் சுளிக்கவில்லை; எவரும் தவணை கேட்கவில்லை. நாளை தம் வீட்டிலும் சாவு விழும் என்பதை அறிந்த மக்களின் ஒற்றுமை அது. அதன் முன்னால் தலை வணங்கத் தோன்றியது.

மாலையில் அடக்கம் முடிந்தபின், பஸ் தரிப்பிடம் வரை அந்தப் பெண் எனக்குத் துணையாக இறங்கி வந்தாள். உயர்தரப் பரீட்சையில் மூன்று பாடங்களிலும் சித்தியெய்தியவள். கண்டியில் ஒரு மருந்துக் கடையில் அவளுக்குப் பயிற்சி உதவியாளர் வேலை கிடைத்திருந்தது. “எப்பொழுது சேர்கிறாய்?” என்று கேட்டேன்.

“போகல சேர். வேணாம்னு சொல்லிட்டேன்.”

கடை மூட இரவு எட்டு மணியாகும்; அதன்பின் தோட்டத்துக்குத் திரும்பப் பஸ் கிடையாது. எனவே நகரில் அறை எடுத்தே ஆகவேண்டும். கட்டுக்கலைப் பக்கம் பார்த்த அறைக்கு மாத வாடகை 8,000 ரூபா. மூன்று மாத முற்பணம் 24,000. முதல் மாத வாடகையும், படுக்கப் பாயும், முதற் சம்பளம் கைக்கு வரும்வரை சாப்பாடும் சேர்த்து அவள் கணக்குப் பார்த்திருந்தாள். அந்தக் கணக்கும் 42,000 ரூபாவிலேயே வந்து நின்றது.

பாட்டனாரை வழியனுப்ப இரண்டு மணி நேரத்தில் திரண்ட அதே தொகை! பேத்தியை வழியனுப்ப அது திரளவில்லை. தோட்டத்து மக்கள் கல்நெஞ்சர் என்பதாலா? அன்று. அவள் எவரிடமும் கேட்கவே இல்லை. கேட்பதற்கு ஓர் இடம் இருக்கவில்லை. சாவுக்குச் சங்கம் உண்டு. திருவிழாவுக்கு வரி உண்டு. பத்தொன்பது வயதில் வாழத் தொடங்குவதற்கென்று எமது சமூகத்தில் ஒரு கொப்பியும் இல்லை.

இதன் பொருளை, தோட்டத்துக்கு வெளியே வாழும் வாசகர் விளங்கிக்கொள்ள வேண்டும். லயத்துக் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். அதில் குடியிருப்பவனுக்கு அன்று. 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 முதல் அவற்றின் முகாமை தனியார் கம்பெனிகளின் கைக்குச் சென்றது. எசமானர்கள் மாறினர், லயம் லயமாகவே இருந்தது. மலையில் வேலை செய்ய விரும்பாத மகனோ மகளோ அங்கே பெற்றோரின் நிழலில் ஒண்டியிருக்கலாமேயன்றித் தனக்கென ஒரு மூலையைக் கோரவியலாது. வெளியேறவோ கையில் காசில்லை. 2024 செப்ரெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அதன்படி அப்போது மாதத்தில் இருபது நாள் வேலை கிடைத்தால் 27,000 ரூபா. அதிலே அரிசியும் மாவும் வாங்கி, மகளின் அறைக்கு 42,000 மிச்சம்பிடிப்பது எங்ஙனம்?

தொழிலாளியின் பெயரில் ஒரு சேமிப்பு உண்டு என்பது மெய்யே. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த ஊழியர் சேமலாப நிதி அது. ஆனால் அப்பணம் முழுமையாகக் கைக்கு வருவது பொதுவாக ஆணுக்கு ஐம்பத்தைந்து வயதில், பெண்ணுக்கு ஐம்பது வயதில். பிள்ளைக்குத் தேவை இருபது வயதில். தந்தையின் சேமிப்பு வந்து சேரும்போது பிள்ளையின் வாசல் மூடிப் பல ஆண்டுகள் கழிந்திருக்கும்.

இங்கே என் குற்றமொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2021இல் மாணவன் ஒருவன் கண்டியில் அறை எடுக்க என் சம்பளத்திலிருந்து 15,000 ரூபா கொடுத்தேன். மறுவருடம் நாட்டின் பொருளாதாரமே சரிந்தது. 2022 செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி விலைகள் ஓராண்டுக்குள் ஏறத்தாழ 70 வீதம் உயர்ந்திருந்தன. அவனால் திருப்பித்தர முடியவில்லை. நான் கேட்கவுமில்லை. கேளாதிருந்ததையே பெருந்தன்மை என்று எண்ணியிருந்தேன். ஒருநாள் கண்டிச் சந்தையருகே என்னைக் கண்டவன், சட்டென்று ஒரு கடைக்குள் நுழைந்து மறைந்துகொண்டான். அன்றுதான் உறைத்தது: நான் ஓர் அறையைக் கொடுத்து, ஒரு மாணவனை இழந்திருந்தேன். உதவி ஒருவன் கையிலிருந்து இன்னொருவன் கைக்கு இறங்கும்போது, கூடவே ஒரு கூச்சமும் இறங்குகிறது. தருமத்தின் இயல்பு அது.

இழவு வீட்டிலிருந்து திரும்பியபின், கண்டியில் தொழில் செய்யும் என் பழைய மாணவர்கள் சிலரிடம் அந்தப் பெண்ணின் கதையைச் சொன்னேன். துணிக்கடை, அச்சகம், பாலர் பாடசாலை, கைத்தொலைபேசி திருத்தும் கடை என்று சிதறிக் கிடந்தவர்கள். கடைக்குள் மறைந்த அந்த இளைஞனும் அவர்களுள் இருந்தான். 2025 தொடக்கத்தில் ஒன்பது பேர் ஆளுக்கு 5,000 ரூபா போட்டு 45,000 ரூபாவுடன் ஒரு நிதியைத் தொடங்கினார்கள். மாதச் சந்தா 500 ரூபா. அறை எடுக்கும் தோட்டத்துப் பிள்ளைக்கு முற்பணமும் முதல் மாதச் செலவும் வட்டியின்றி. பத்து மாதத்தில் திருப்பிக் கட்டவேண்டும். மாதத்தின் முதல் ஞாயிறன்று ஒருவரது வாடகை அறையில் கூடிக் கொப்பியை உரக்கப் படிக்கவேண்டும். கடன் பெற்றவரும் அடுத்த தீர்மானத்துக்குக் கையுயர்த்தும் உறுப்பினரே.

பொருளாளர் பொறுப்பை நானே ஏற்பதாகச் சொன்னேன். சற்று நேரம் எவரும் பேசவில்லை. பின்னர் அந்த இளைஞன் சொன்னான்:

“கோவிச்சுக்காதீங்க சேர். நீங்களும் மாசம் ஐந்நூறு போடுங்க, கை தூக்குங்க. புத்தகம் எங்ககிட்டயே இருக்கட்டும். நீங்க குடுத்தப்ப அது ஒங்க மனசு. இது எங்க காசு.”

முதலில் மனம் நொந்தது, பின்னர் மகிழ்ந்தேன். ஆசிரியர்களாகிய நாம் வழிகாட்டுவதையே கடமையாகக் கொண்டவர்கள். விலகி நிற்கவேண்டிய இடத்தை அறிவதும் கடமையின் ஒரு கூறே.

முற்பணம் என்ற சொல்லுக்கு எமது மலைகளில் ஒரு கொடிய வரலாறு உண்டு. தமிழகத்துக் கிராமங்களில் கங்காணி முற்பணம் கொடுத்தே ஆள் திரட்டினான். கடலைக் கடந்து மலையேறுமுன்பே தொழிலாளி கடனாளியாகிவிட்டான். வேறு தோட்டம் போகவேண்டுமாயின் அவன் கடனைப் புதிய தோட்டம் தீர்க்கவேண்டும்; கடன் தொகை எழுதிய ‘துண்டு’ அவன் விலங்காயிற்று. அம்முறை 1921இலேயே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஒரு நூற்றாண்டின் பின், அதே மக்களின் பேரப் பிள்ளைகள் தமக்குத்தாமே கொடுத்துக்கொள்ளும் முற்பணம், ஆளைக் கட்டிவைக்காமல் அவிழ்த்துவிடுகிறது. ஏன்? கொப்பி எவர் கையில் இருக்கிறது என்பதே வேறுபாடு.

இந்த எண்ணம் கண்டி மண்ணுக்குப் புதிதுமன்று. ஜெர்மனியில் கடனில் மூழ்கிய குடியானவர்களுக்காக ரைபைசன் 19ஆம் நூற்றாண்டில் வளர்த்தெடுத்த கடன் கூட்டுறவு, இலங்கையில் முதன்முதல் வேரூன்றியது இங்கேதான்: 1906இல் தும்பறைப் பள்ளத்தாக்கின் மெனிக்கின்னையில். கூட்டுறவுச் சட்டம் வந்ததோ 1911இல். மக்கள் முன்னே நடந்தனர். சட்டம் பின்னே வந்தது. 1978இல் சணச இயக்கமாக அது புத்துயிர் பெற்றது. அந்தப் பள்ளத்தாக்கைச் சுற்றிய தேயிலை மலைகளில் கொழுந்து கிள்ளியவர்களுக்குச் சொந்தக் காணியோ நிலையான முகவரியோ இருக்கவில்லை. எங்கள் பிள்ளைகளின் கொப்பி, காலந்தாழ்த்தி எழுதப்படும் அதே பாடம்.

எல்லாம் இனிதாகவே நடந்தது என்று எழுதினால் அது பொய்யாகும். அந்தப் பெண்ணின் மருந்துக் கடை வேலை இதற்குள் வேறொருத்திக்குப் போய்விட்டது. பின்னர் ஓர் அச்சகத்தில் இடம் கிடைத்தது. தகப்பனார் மறுத்தார்: “வயசுப் புள்ள டவுன்ல தனியா இருந்தா நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க.” நிதியின் சார்பில் சென்றிருந்த இரு பெண்களுள் ஒருத்தி மெல்லக் கேட்டாள்: “கொழும்புக்கு வீட்டு வேலைக்கு அனுப்பினா மட்டும் யாரும் பேசுறதில்லயே, மாமா?” அவர் நெடுநேரம் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுவாரம் அவரே பாயைச் சுமந்துகொண்டு மகளோடு பஸ்ஸேறினார்.

இன்னொரு இளைஞன் மூன்றாம் மாதம் வேலையிழந்தான். இனிமேல் அரசாங்க உத்தியோகத்தர் ஒருவரின் பிணை கேட்கவேண்டும் என்று நான் வாதாடினேன். “பிணைக்கு ஆளிருந்தா அவன் ஏன் சேர் எங்ககிட்ட வாறான்?” என்றார்கள். தவணை நீடிக்கப்பட்டது. அவன் ஊரைவிட்டே போய்விட்டான். 18,000 ரூபா நட்டம். அதனால் அடுத்துக் காத்திருந்தவன் அறை எடுக்கவியலாமல் தோட்டத்துக்கே திரும்பினான். அந்த நட்டத்தையும் கொப்பியில் எழுதி உரக்கப் படித்தார்கள். பிணை கேட்கும் விதியை மட்டும் சேர்க்கவில்லை. அத்தீர்மானம் சரியானதுதானா என்று இன்றும் என் மனம் தடுமாறுகிறது. திரும்பிப் போனவனின் முகம் மறக்கவில்லை.

இப்போது முப்பத்தொரு பேர் சந்தா கட்டுகிறார்கள். ஆறு பேர் அறை பெற்றிருக்கிறார்கள். ஆறு பேர்! மலையகத்தின் இளைஞர் கூட்டத்தின் முன் அது கடலில் ஒரு துளி. இதைக் காட்டி, “பார்த்தீர்களா, தாமே தம்மைப் பார்த்துக்கொள்கிறார்கள்” என்று கம்பெனியும் அரசாங்கமும் கைகழுவுமாயின் அது பெரும் அநீதி. காணியும் வீடும் நியாயமான கூலியும் சந்தாவினால் வருவனவல்ல, போராட்டத்தினால் வருவன. 2018 ஒக்ரோபர் 24 அன்று, 1,000 ரூபா நாட்சம்பளம் கோரிக் கொழும்பு காலிமுகத்திடலில் கறுப்புடையில் திரண்டோர் மலையக இளைஞர்களே. அந்த 1,000 ரூபாவும் 2021 மார்ச்சில்தான் சட்டபூர்வமாயிற்று. ஆனால் ஊர்வலத்துக்கு வருபவனுக்கும் இரவு தலைசாய்க்க ஓரிடம் வேண்டும். தோட்டத்துரையின் தயவில் கூரையுள்ளவன் எவ்வளவு தூரம் குரலுயர்த்துவான்? சொந்தக் காலில் நிற்பவனின் கையே துணிந்து உயரும்.

போன மாதக் கூட்டத்தில் அச்சகத்துப் பெண் தன் கடைசித் தவணையைக் கட்டினாள். கைதட்டல் எதுவும் எழவில்லை. கொப்பியில் ஒரு கோடு விழுந்தது, அவ்வளவே. அடுத்த விண்ணப்பம் படிக்கப்பட்டபோது முதலில் உயர்ந்த கை அவளுடையது.

தோழமை மிக்க ஆசிரியர்களே, மாணவர்களே! உங்கள் ஊரிலும் சாவுக்கு ஒரு கொப்பி இருக்கும். அதன் பக்கத்தில் வாழ்வுக்கும் ஒரு கொப்பியைத் திறந்து வையுங்கள். திறந்தபின், அதை இளைஞர் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.